விளக்கை யார் அணைப்பது?

தூங்கப் போகிற மனிதரைப் பற்றி சிக்மண்ட் பிராய்டு, 1917இல் வெளியான ஒரு கட்டுரையில் அழகான ஒரு விஷயம் சொல்கிறார். இரவில் நாம் உடுத்திய துணியை மட்டும் கழற்றி வைப்பதில்லை. மூக்குக் கண்ணாடி, சவுரி, பல்செட்டு என்று உடம்பின் குறையை ஈடுகட்ட மாட்டிக்கொண்ட எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறோம். மனசும் அதேபோல, வளர்ந்து சேர்த்துக்கொண்டதில் பெரும்பகுதியை அவிழ்த்து வைத்துவிட்டு, வாழ்க்கை தொடங்கிய இடத்துக்குப் பக்கமாகப் போய்விடுகிறது. முழங்காலை மடக்கிச் சுருண்டு படுப்பதைக்கூட அவர் தாயின் கருப்பையோடு சேர்த்துத்தான் பார்த்தார். பிராய்டு சொன்னதில் பலவற்றை இன்றைய உளவியல் ஏற்பதில்லை. ஆனாலும் இந்த ஒரு காட்சி எனக்கு உண்மையாகவே படுகிறது. தினமும் இரவில், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கொஞ்சம் சின்னவராக ஆனால்தான் தூக்கம் வருகிறது.

‘ஏஜ் ரிக்ரெஷன்’, அதாவது வயதில் பின்னோக்கிப் போதல், என்ற பழக்கத்தை வாழ்க்கையில் வைத்திருக்கும் பெரியவர்கள் இதை வெளிப்படையாகச் செய்கிறார்கள். பகலில் வேலைக்குப் போகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். மாலையிலோ விடுமுறை நாளிலோ சில மணி நேரம் மனதளவில் நான்கு வயதுக்கோ ஏழு வயதுக்கோ இறங்கிப் போய் இளைப்பாறுகிறார்கள். அந்த மனநிலைக்கு ‘லிட்டில் ஸ்பேஸ்’ என்று பெயர். அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் அவர் ‘கேர்கிவர்’. பஞ்சு பொம்மைகள் ‘ஸ்டஃபி’கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் 2010களில் சமூக ஊடகங்கள் வழியாக இந்தச் சொற்கள் பரவின.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டதும் பாலியல் விளையாட்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வயதை வைத்து நடிக்கும் அப்படி ஒரு வகை தனியாக உண்டு. ஏஜ் ரிக்ரெஷன் என்று தம் பழக்கத்தைச் சொல்பவர்கள் அதிலிருந்து தங்களைக் கண்டிப்பாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அவர்களுக்கு இது மனதை ஆற்றிக்கொள்ளும் வழி. நெருக்கடியில் மனம் முந்தைய வயதின் நடத்தைக்குத் திரும்புவதைத் தற்காப்பு முறைகளில் ஒன்றாக சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டு 1936லேயே பட்டியலிட்டிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் விரும்பிப் போவதற்கும் தன்னை அறியாமல் இழுத்துச் செல்லப்படுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவர்களுடைய மாலை எப்படி முடிகிறது? வெந்நீர்க் குளியல். மெத்தென்ற இரவு உடை, சிலருக்குக் கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியான ‘ஒன்சி’. வெதுவெதுப்பாக ஒரு கப் பால். பல் துலக்குவது. இன்றைக்கு எந்த ஸ்டஃபி பக்கத்தில் படுப்பது என்ற முடிவு. போர்வையை இழுத்துக் கழுத்துவரை செருகிவிடுவது. ஒரு கதை, கேர்கிவர் வாசித்தோ ஒலிப்பதிவிலோ. அப்புறம் விடிவிளக்கு. சிலர் வாயில் சூப்பான் வைத்துக்கொள்கிறார்கள்.

சூப்பானை விட்டுவிட்டால், குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கிற காரியங்கள்தான் இவை. அங்கே இது நல்ல வளர்ப்பு. இதையே முப்பது வயதுக்காரர் செய்தால் ஏன் முகம் சுளிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். குழந்தைத்தனம் என்று நாம் நினைப்பது பொம்மையை. ஆனால் அந்த வரிசையில் வேலை செய்வது பொம்மை மட்டும் இல்லை. குழந்தைக்கு, “போதும், இன்னைக்குப் பொழுது முடிஞ்சுது, நான் இங்கேதான் இருக்கேன், நீ தூங்கு” என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

யாரும் சொல்லாததால் என்ன ஆகிறது என்பது நமக்கே தெரியும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோர் குரூஸேயும் அவருடைய சகாக்களும் 2014இல் இதற்கு ஒரு பெயர் வைத்து ஆராய்ந்தார்கள்: படுக்கைக்குப் போவதைத் தள்ளிப்போடுதல். வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாதபோதும், தூங்க நினைத்த நேரத்துக்குத் தூங்கப் போகாமல் இருப்பது. கையில் போன், மணி பன்னிரண்டரை, கண் எரிகிறது, இருந்தும் விரல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அன்றைய நாளை முடித்து வைக்க ஆள் இல்லாத வீட்டில் நாள் முடிவதே இல்லை.

மறுபக்கம் பாருங்கள். அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் ஜோடி மிண்டலின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் 405 தாய்மாரும், ஏழு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான அவர்கள் குழந்தைகளும் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினரிடம் குளியல், பிறகு உடம்பை நீவிவிடுதல், பிறகு அணைத்துக்கொள்வது, தாலாட்டுப் பாடுவது போல அமைதியான ஏதாவது ஒன்று, குளித்து முடித்த அரை மணி நேரத்துக்குள் விளக்கணைப்பு என்று தினமும் ஒரே வரிசையைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இடையில் விழிப்பது குறைந்தது. எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று: அம்மாக்களின் மனநிலையும் மேம்பட்டிருந்தது. ஒழுங்கான முடிவுள்ள இரவு குழந்தையை மட்டும் ஆற்றுவதில்லை.

சரி, பொம்மைக்கு வருவோம். லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வினிகாட் 1951இல் வாசித்து 1953இல் அச்சான கட்டுரையில்தான், குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வை நுனிக்கும் கரடி பொம்மைக்கும் உளவியலில் முதன்முறையாக ஒரு கௌரவமான இடம் கிடைத்தது. அது அம்மாவும் இல்லை, வெறும் பஞ்சும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்று. தூங்கப் போகும் நேரத்தில் குழந்தைக்கு அது இல்லாமல் முடியாது, பதற்றத்துக்கு எதிரான காவல் அது என்று அவர் எழுதினார். அந்தத் துணி அழுக்காகி நாற்றமடித்தாலும் பெற்றோர் அதைத் துவைக்கத் தயங்குகிறார்கள் என்பதையும் கவனித்தார். துவைத்தால் வாசனை போய்விடும். வாசனை போனால் குழந்தைக்கு அந்தத் தொடர்ச்சியே அறுந்துவிடும். அந்தப் பொருள் பிற்காலத்தில் என்ன ஆகிறது என்பதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. அது மறந்துபோவதும் இல்லை, அதற்காக யாரும் அழுவதும் இல்லை, மெல்ல மெல்ல முக்கியத்துவம் இழந்து ஒரு மூலைக்குப் போய்விடுகிறது.

எல்லோருக்கும் மூலைக்குப் போய்விடுவதில்லை. இறந்துபோன எங்கள் பாட்டியின் நூல் சேலை ஒன்றை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துப் பல வருடம் தூங்கியிருக்கிறேன். சுங்குடிச் சேலை, நைந்துபோய் இரண்டு இடத்தில் கிழிசல். யாரும் என்னை விசித்திரமாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் அது பொம்மை இல்லை, பாட்டி சேலை. அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போடுகிற ஊரில் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2020இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்தபோது அந்தச் சேலைதான் நினைவுக்கு வந்தது. 155 பேரிடம், தங்கள் துணை உடுத்திய டி-சர்ட்டைச் சில இரவுகளும், அதேபோலத் தெரிகிற வேறொரு டி-சர்ட்டைச் சில இரவுகளும் தலையணை உறையாகப் போட்டுத் தூங்கச் சொன்னார்கள். துணையின் வாசனை இருந்த இரவுகளில் தூக்கத்தின் திறன் இரண்டு சதவீதத்துக்கும் சற்று மேலாகக் கூடியிருந்தது. படுத்திருக்கும் நேரத்தில் உண்மையாகத் தூங்கும் பங்குதான் இந்தத் திறன். சிறிய எண்தான். ஆனால் மாத்திரை இல்லாமல், வெறும் வாசனையால் கிடைத்தது.

குழந்தைகளின் படுக்கை நேரச் சடங்கில் உடம்புக்கு நேரடியாக வேலை செய்கிற பகுதிகளும் இருக்கின்றன. குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், படுப்பதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு குளித்தால் தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் சீக்கிரம் வருவதாகக் கண்டார்கள். சூடு ஏறுவதால் தூக்கம் வருவதில்லை. வெந்நீர் கை கால்களின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது, அந்த வழியாக உள்ளுடம்பின் சூடு வெளியேறுகிறது, அந்த இறக்கம்தான் மூளைக்குத் தூங்கச் சொல்கிற சைகை. பாதம் கதகதப்பாக இருப்பது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவருவதாக சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999லேயே காட்டியிருந்தார்கள். அதனால் காலுறை நல்லது. தடித்த ஒன்சியும் அதன்மேல் கனமான போர்வையும் சேர்ந்து, வெளியேற வேண்டிய சூட்டை அடைத்துவைத்தால் நடுராத்திரியில் வேர்த்து விழிப்பதுதான் மிச்சம்.

ஆட்டுவதும் அப்படித்தான். ஜெனிவா பல்கலைக்கழகத்தில் 18 இளைஞர்களை, நான்கு வினாடிக்கு ஒரு முறை மெல்ல அசையும் கட்டிலில் ஒரு இரவு முழுக்கத் தூங்கவைத்தார்கள். 2019இல் வந்த முடிவு: அசையாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்த தூக்கம் கூடியது, மறுநாள் காலையில் சொற்களை நினைவுகூர்வதும் மேம்பட்டது. அவர்கள் எல்லோரும் வளர்ந்த, ஆரோக்கியமான ஆட்கள். தூளி குழந்தைக்கு மட்டும்தான் என்று அவர்கள் மூளைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கனமான போர்வை, ஏஜ் ரிக்ரெஷன் பழக்கம் உள்ளவர்களிடையே பரவலாக உள்ள இன்னொரு பொருள். ஸ்வீடனில் 2020இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, பதற்றக் கோளாறு, ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றோடு தூக்கமின்மையும் இருந்த 120 பேரில் பாதிப் பேருக்கு ஆறு அல்லது எட்டு கிலோ எடையுள்ள போர்வையும் மீதிப் பேருக்கு ஒன்றரை கிலோ போர்வையும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில், கனமான போர்வைக்காரர்களில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பேருக்குத் தூக்கமின்மையின் தீவிரம் பாதிக்கு மேல் குறைந்தது. மற்றவர்களில் அப்படிக் குறைந்தது ஐந்து சதவீதத்துக்குத்தான். எந்தப் போர்வை கனமானது என்பதை மறைக்க முடியாது, அதனால் நம்பிக்கையின் பங்கும் அதில் இருந்திருக்கும். எனினும் யாரோ இறுக அணைத்திருக்கும் உணர்வு என்று அதைப் போர்த்தியவர்கள் சொல்வதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். மூச்சுத் தொல்லையோ தூக்கத்தில் மூச்சடைப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. சின்னக் குழந்தைமேல் ஒருபோதும் போர்த்தக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் ஏஜ் ரிக்ரெஷனுக்குச் சாதகம். ஆனால் மனம் நான்கு வயதுக்குப் போனாலும் உடம்பு போவதில்லை. இந்தப் பழக்கத்தில் தூக்கம் கெடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதல் சிக்கல் மணி. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். பெரியவருக்கு 7 முதல் 9 மணி நேரம் போதும். ‘லிட்டில்’களுக்கு, அதாவது இப்படிச் சின்னவராக ஆகிறவர்களுக்கு, எட்டு மணிக்கே தூங்க வேண்டும் என்று விதி வைக்கும் கேர்கிவர்கள் உண்டு, அன்போடுதான் வைக்கிறார்கள். வழக்கமாகப் பதினொன்றரைக்குத் தூங்குகிறவருக்கு அது நடக்காது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1986இல் ஆட்களைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பத் தூங்கவைத்துப் பார்த்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் மாலைப் பொழுதில் தூங்குவதற்கு மிகக் கடினமான நேரம். ‘தூக்கத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதி’ என்றே அவர் அதற்குப் பெயரிட்டார். எட்டு மணிக்குப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், தான் சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று வருந்துகிறார். தப்பு அவர்மேல் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. சடங்கை எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ தொடங்கலாம், விளக்கை மட்டும் உடம்பு தயாராகும் நேரத்தில் அணைத்தால் போதும்.

இரண்டாவது, கட்டில். வண்ணம் தீட்டுவது, கார்ட்டூன் பார்ப்பது, பொம்மைகளோடு பேசுவது எல்லாம் கட்டிலிலேயே நடந்தால் மூளைக்கு அது விளையாட்டிடம் ஆகிவிடும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்து, இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் முதுகெலும்பாக இருக்கும் முறை, கட்டிலைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டு, கண் சொருகும்போது திரும்பி வரச் சொல்கிறது. இவர்களில் பலர் நாற்காலிகளின்மேல் போர்வையை விரித்துக் கூடாரம் கட்டிக்கொள்வார்கள். அது நல்ல பழக்கம். விளையாட்டும் கதையும் கூடாரத்தில், தூக்கம் கட்டிலில்.

விடிவிளக்கு பற்றி ஒரு வார்த்தை. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2022இல் வெளியிட்ட ஆய்வில், 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் ஒரே ஒரு இரவு தூங்கிய இளைஞர்களுக்கு இரவில் இதயத் துடிப்பு கூடியிருந்தது, மறுநாள் காலையில் இன்சுலினின் வேலையும் மந்தப்பட்டிருந்தது. கூரை முழுக்க நட்சத்திரம் சுழலவிடும் நீல விளக்கு அழகுதான். தூங்கியதும் தானாக அணையும்படி டைமர் வைத்துவிட்டு, தரையோரமாக மங்கலான செம்மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் எரிந்தால் பயமும் போகும், தூக்கமும் கெடாது.

பல்லுக்கு மறுபிறவி கிடையாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால், பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்குவது சொத்தைக்கு நேர்வழி. பாலைக் குடித்துவிட்டுத்தான் பல் துலக்க வேண்டும். பெரியவர்களுக்கான சூப்பான்கள் 2025இல் சீன இணையக் கடைகளில் நிறைய விற்று, தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் நல்லது என்று பேசப்பட்டன. நெடுநேரம் வைத்திருந்தால் பல் வரிசையும் தாடையும் பாதிக்கும், தூக்கத்தில் கழன்று தொண்டையில் சிக்கும் அபாயமும் உண்டு என்று அங்குள்ள மருத்துவர்கள் எச்சரித்தார்கள். விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேர்கிவர் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தோழியோ, கணவரோ, கூடத் தங்கியிருப்பவரோ பத்து நிமிடம் கதை வாசித்து விளக்கணைப்பது ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று புரிகிறது. ஆனால் சின்னவராக மனதை அவிழ்த்து வைக்கும் நேரம்தான் எளிதில் ஏமாறும் நேரமும். முகம் தெரியாத ஒருவர் ‘நான் உன் கேர்கிவர்’ என்று வந்து எப்போது தூங்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும், யாரோடு பேசக் கூடாது என்று விதி வைக்கத் தொடங்கினால், அது பராமரிப்பு அல்ல, கட்டுப்பாடு. இந்தச் சொற்களைப் புழங்குகிறவர்களில் பதின்வயதினரும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வருகிற பெரியவர்களிடமிருந்து அவர்களைக் காப்பது பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு பெரியவரின் பொறுப்பு. தனியாக இருப்பவர்கள் தாங்களே தங்களுக்குக் கேர்கிவராக இருக்கக் கற்றுக்கொள்வதை நான் அதிகம் மதிக்கிறேன். மாலையிலேயே, பெரியவராக இருக்கும்போதே, கதவைத் தாழிட்டு, அடுப்பை அணைத்து, மாத்திரையைச் சரியான அளவில் எடுத்து, அலாரம் வைத்துவிடுவது. அதற்கப்புறம்தான் ஒன்சி, கதை, கரடி.

விரும்பாமலே பின்னோக்கி இழுக்கப்படுபவர்களின் இரவு வேறு மாதிரி. சிறு வயதில் வன்முறைக்கு ஆளானவர்கள், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் உள்ளவர்கள், தன்னுணர்வு துண்டிக்கப்படும் கோளாறு உள்ளவர்கள் சிலருக்கு, இருட்டும் மௌனமும் கெட்ட கனவுமே அந்த வயதுக்குள் தள்ளிவிடும். அங்கே ஆறுதல் இல்லை, பழைய பயம்தான் இருக்கிறது. இவர்களுக்குப் பொம்மை உதவலாம், ஆனால் போதாது. மனநல மருத்துவரும் உளவியல் ஆலோசகரும் வேண்டும். கெட்ட கனவுக்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது: பகலில், விழிப்போடு, அந்தக் கனவைத் தான் விரும்பும்படி மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் அமெரிக்காவில் பாரி கிராக்கோவின் குழு இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டது. இதைக் கற்றுக்கொண்டவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. கனவிலிருந்து திடுக்கிட்டு விழிக்கும்போது கை எட்டும் தூரத்தில், இன்றைய வயதை நினைவூட்டும் ஒன்று இருப்பதும் உதவும். தன் கையெழுத்தில் தன் பெயரும், இப்போது இருக்கும் ஊரும், ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்ற ஒரு வரியும் எழுதிய சீட்டு போதும்.

காலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இரவில் இறங்கிப் போனவர் காலையில் ஏறி வர வேண்டும், அதற்கும் ஒரு வரிசை வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, திரையை விலக்கி, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றால் உடம்பின் கடிகாரம் அன்றைக்கான இடத்தில் நிற்கும். இரவுத் தூக்கம் வரும் நேரத்தை நிர்ணயிப்பதில் காலை வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முகம் கழுவி, காபி போட்டு, வேலைக்கான உடைக்கு மாறி, கரடியைத் தலையணைமேல் உட்கார வைத்து, போர்வையை அதன் கழுத்துவரை இழுத்துச் செருகிவிட்டு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்.